மூன்றாவது புகார்

"இதுலயும் அழுக்கு!"

என் வீட்டுக்காரர் இரண்டாவது ஸ்பூனையும் விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பக்கத்து மேஜைக்காரர்கள் சாப்பாட்டை விட்டுவிட்டு எங்களையே பார்த்தார்கள். எனக்கு மானம் போயிற்று.

"டிஷ்யூ இருக்கே, துடைச்சுக்கோங்களேன்."

"துடைக்க எனக்குத் தெரியாதா? பாரு, காய்ஞ்ச முட்டை. நாம சொல்லலேன்னா நாளைக்கு இன்னொருத்தர் வாய்க்குள்ள போகும்."

பரிமாறுகிற பெண் ஓடி வந்தாள். "வேற மாத்தித் தரேன் சார். மேனேஜர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, ப்ளீஸ்."

"யாரும்மா இதெல்லாம் கழுவுறது? நானே போய்க் கேக்குறேன்."

ஸ்பூன்களை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் விறுவிறுவென்று நடந்துவிட்டார். நாங்கள் வெளியில் சாப்பிட வருவதே எப்போதாவதுதான். அன்றைக்கும் சண்டையா? முணுமுணுத்துக்கொண்டே பின்னால் ஓடினேன்.

தொட்டியருகே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, முழங்கை வரை நுரையோடு நின்றிருந்தார். கழுவிய ஸ்பூனைக் கை எட்டும் தூரத்துக்கு நீட்டிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். விரலால் தடவினார். திருப்தியோடு டப்பாவில் போட்டார். அந்த ஸ்பூனின் ஓரத்திலும் முட்டை மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருந்தது.

போச்சு, இப்போது இவர் கத்தப்போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கத்தவில்லை. அந்த அம்மா இன்னொரு ஸ்பூனைக் கழுவி, அதேபோல் நீட்டிப் பார்ப்பதை இவர் கவனித்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு கார்டை எடுத்து நீட்டினார்.

"நாளைக்குக் காலையில நம்ம கடைக்கு வாங்கம்மா. மத்ததை நான் பாத்துக்கறேன்."

அந்த அம்மா ஒன்றும் புரியாமல் ஈரக் கையோடு வாங்கி மடியில் செருகிக்கொண்டார். அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார்.

"என்ன சார், ஸ்பூன் அழுக்கா? இந்த வாரத்துல இது மூணாவது புகார். நீங்க ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இவங்களை இப்பவே வீட்டுக்கு அனுப்பிடறேன்."

அந்த அம்மாவின் கைகள் நுரைக்குள் அப்படியே நின்றுவிட்டன. கல்யாணமான நாளிலிருந்து எந்தத் தப்பையும் தன் தப்பு என்று ஒப்புக்கொள்ளாத மனுஷன் இவர். உப்பு அதிகமானால்கூட என் சமையலைத்தான் குறை சொல்வார், தானே போட்டதாக இருந்தாலும்!

அவர் கையிலிருந்த ஸ்பூன்களை மெல்லத் தொட்டி நுரைக்குள் நழுவவிட்டு, தலையைச் சொறிந்தார்.

"ஸ்பூன்ல ஒண்ணுமில்ல சார். தப்பு என்னோடதுதான். கண்ணாடியை வீட்டுலயே மறந்து வச்சுட்டு வந்துட்டேன். வெளிச்சம் பட்டது கறை மாதிரி தெரிஞ்சுது. மன்னிச்சுக்குங்க."

மேனேஜருக்குச் சுர்ரென்று கோபம் வந்தது.

"என்ன சார் நீங்க? அநியாயமா ஒருத்தங்க பொழப்புல மண்ணைப் போட இருந்தீங்களே! கண்ணு தெரியலேன்னா ஒழுங்கா கண்ணாடி போட்டுக்கிட்டு வெளியில வாங்க!"

"சரிங்க சார்" என்றார் இவர், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு.

பிறந்ததிலிருந்து என் வீட்டுக்காரர் கண்ணாடி போட்டதே இல்லை. கடை வைத்து விற்பதோடு சரி.