பிளாஸ்டர் ஒட்டிய கட்டைவிரல்

நுவரெலியாவில், ட்ரவுட் மீன் பிடிக்கத் தூண்டில் முள்ளில் இறகால் பொய்ப்பூச்சி கட்டும் பட்டறை. பனி விலகிய ஜன்னல் வெளிச்சத்தில் சண்முகவடிவு கடைசி முடிச்சுக்கு வருகிறாள். நூலை அதன் மேலேயே ஐந்து சுற்றுச் சுற்றி, இழுத்து இறுக்கிய பிறகுதான் வெட்ட வேண்டும். இழுக்குமுன்னே அவள் கட்டைவிரல் நகம் நூலைக் கிள்ளிவிடுகிறது. பூச்சி அவிழ்ந்து வெறும் இறகாகிறது. “பன்னெண்டு வருசம் தேயிலைக் கொழுந்து கிள்ளுன கை, மிஸ்” என்கிறாள். “இன்னைக்கும் சரிவரலன்னா மறுபடி கொழுந்து மலைக்குத்தான் போகணும், வடிவக்கா” என்று சொல்லிக்கொண்டே மேற்பார்வை பார்க்கும் சுலக்ஷனா அந்த நகத்தின்மேல் ஒரு பிளாஸ்டரை ஒட்டிவிடுகிறாள். சண்முகவடிவு மறுபடி சுற்றுகிறாள், இழுக்கிறாள், கத்தரிக்கோலை எடுத்து வெட்டுகிறாள். சுலக்ஷனா இறகைப் பிடித்து இழுத்துப் பார்க்கிறாள், முடிச்சு அசையவில்லை. பூச்சி பெட்டிக்குள் போகிறது. சண்முகவடிவின் மடியில் கிடக்கும் கட்டைவிரல், பிளாஸ்டரோடு, சேலை ஓரத்தைக் கிள்ளிக்கொண்டே இருக்கிறது.