குற்றப்பட்டியல்

"கல்யாணத்தன்னைக்கே செருப்பைத் தொலைச்சுட்டு அரை மணி நேரம் லேட்டா வந்தாரு மேடம் இவரு," என்று மனைவி ஆரம்பித்தாள்.

எதிரே இருந்த அம்மாள் எழுதிக்கொண்டார். கணவன் கைகட்டி உட்கார்ந்திருந்தான்.

"அப்புறம்?"

"பொண்ணு பிறந்தப்ப வேற யாரோட குழந்தையையோ தூக்கிக் கொஞ்சிட்டு நின்னாரு. என் தங்கச்சி கல்யாணத்துல, போட்டோ எடுக்கறப்ப குறட்டை விட்டாரு. மானமே போச்சு!"

"சொல்றதெல்லாம் நிஜமா?" என்று கணவனைக் கேட்டார் அந்த அம்மாள்.

"அத்தனையும் நிஜம்." கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"இப்ப அழுது என்ன பிரயோஜனம்?" மனைவி முறைத்தாள்.

அந்த அம்மாள் பேனாவை மூடினார். "உங்க மனைவியோட மூளைக்குப் பரவின புத்துநோய்க்கு ரேடியேஷன் கொடுத்து ஆறு மாசம் ஆச்சு. ஞாபகத்துக்கான இடத்துல மட்டும் கதிர் அதிகம் படாம ஒதுக்கிக் கொடுத்தோம். அது வீண் போகல. ஞாபகம் அப்படியே இருக்கு."

"உங்களுக்குக் கோடி புண்ணியம் டாக்டர்!" கும்பிட்டவன், சட்டென்று குரலைத் தாழ்த்தினான். "ஆனா ஒண்ணை விட்டுட்டாளே. இவ அப்பாவை நான் ஒருநாள் வாசலோட திருப்பி அனுப்பினேன். அதை எப்படி மறந்தா?"

மனைவி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மறக்கலைங்க. அதை எப்பவோ மன்னிச்சாச்சு. அதான் சொல்லல."