புத்தம் புது கேட்

தியாகதுருகத்தில் தமிழரசனின் வெல்டிங் பட்டறை. அம்மன் கோயிலுக்கு உபயமாகக் கொடுக்கும் புது கேட்டை எடுத்துப்போக வந்திருந்தார் கலியமூர்த்தி. கூடவே கோயில் கமிட்டிக்காரர்கள் நாலு பேர். அம்மனுக்குக் கொடுப்பதை அம்மன் மட்டும் பார்த்தால் போதுமா?

"பெயிண்ட் அடிச்சு முடிச்சுட்டேங்க. ஏத்திக்கினு போவலாம்," என்றான் தமிழரசன்.

"இன்னாடா அவசரம்? போன தடவ நான் குடுத்த கேட் இன்னா ஆச்சு? அந்த வெல்டர் துருவத் தேய்க்காம மேலாக்க பெயிண்டப் பூசிட்டான். நாலு மழைக்கே இத்துப்போயி காயலாங்கடைக்குப் போச்சு. நீ சுத்தம் பண்ணுனியான்னு நான் பாக்கணும். ஒரு எடத்துல தேய்ச்சுக் காட்டு."

"நல்லாத் தேய்ச்சுத்தாங்க ரெட் ஆக்ஸைடு அடிச்சேன். பெயிண்ட் வீணாப் பூடும்."

"போனா திரும்ப அடி. நடுத் தகட்டுல தேய். என் பேரு வரப்போற எடம்டா அது!"

"நடுவுல வேணாங்க. ஓரமாத் தேய்க்கட்டுமா?"

"ஓரத்துல எல்லாரும் ஒழுங்காத்தான் தேய்ப்பீங்க!" கமிட்டியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, கிரைண்டரைப் பிடுங்கித் தானே நடுத் தகட்டில் வைத்தார் கலியமூர்த்தி.

பெயிண்ட் பறந்தது. அடியில் கனமாகப் பூசியிருந்த பட்டியும் தூளாகப் பறந்தது. வெல்டிங்கில் எழுதிய எழுத்துகள் பளபளவென்று வெளியே வந்தன.

'உபயம்: கலியமூர்த்தி.'

கமிட்டிக்காரர் ஒருவர் இருமினார்.

தமிழரசன் தலையைச் சொறிந்தான். "காயலாங்கடையில எடுத்தப்பவே அதத் தேய்ச்சுடலாம்னு பாத்தேங்க. உங்க பேராச்சே, மனசு வரல."