முன்னேற்றத்துக்கு ஒரு மாடு

அஞ்சலாட்சி கயிற்றை அவிழ்த்ததும் மாடு யாரையும் கேட்கவில்லை.

நேராக அந்த வீட்டு வாசலுக்குள் நுழைந்தது. முருங்கை மரத்தைச் சுற்றிக்கொண்டு போய் முளைக்குச்சி ஓரம் நின்றது. தொட்டிக்குள் தலையை விட்டது.

தொட்டி காய்ந்து கிடந்தது. ஏழு வாரமாக.

"அடடா!" என்றான் லோன் கம்பெனி ஆபீசர். "நடிக்கச் சொன்னாக்கூட இப்படி வராது."

வீட்டுக்காரி அவனைப் பார்த்தாள். செருப்பில் ஒட்டிய சாணியைப் பார்ப்பதுபோல.

காலையிலிருந்து ஐந்து வீடு ஆயிற்று. ஐந்து பெண்கள் இதே மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கடன் வாங்கி மாடு வாங்கினோம், வாழ்க்கை உயர்ந்துவிட்டது என்று செல்போனுக்குச் சொன்னார்கள். கம்மலை அடகு வைத்தவளும் சொன்னாள். ஈர்க்குச்சி செருகிய காதோடு.

வீடியோ மேலிடத்துக்குப் போனால்தான் குழுவுக்கு இரண்டாவது லோன். இரண்டாவது வந்தால்தான் முதலாவது அடையும்.

இதற்குப் பெயர் முன்னேற்றம்.

அந்தக் கடனில் நிஜமாகவே மாடு வாங்கிய முட்டாள் ஊரில் ஒருத்திதான்.

அவள்.

செவ்வாய்தோறும் தவணை. மாடு சினையானது, பால் வற்றியது. செவ்வாய்க்கிழமை வற்றவில்லை. குழுத் தலைவி அஞ்சலாட்சி பாதி விலைக்கு ஓட்டிக்கொண்டு போனாள்.

உதவி என்றாள்.

மாடு தலைவியுடையது என்று ஆபீசருக்குத் தெரியும். அதற்கு முன் யாருடையது?

அவன் கேட்டதில்லை.

மாட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுப்பதில்லை. வாங்குகிறவர் புதுக்கயிறு கொண்டுவர வேண்டும். பழைய கயிறு இன்னும் சுவர் ஆணியில் தொங்கியது.

மாடு எட்டி அதை முகர்ந்தது.

"அய்யோ, உள்ள வந்தத எடுக்காம வுட்டுட்டேனே!" ஆபீசர் நெற்றியில் தட்டிக்கொண்டான். "தெருவுக்கு ஓட்டிட்டு மறுபடி அவுத்து வுடுங்கம்மா. அதுவா வரட்டும்."

அஞ்சலாட்சி கயிறு மாட்டி இழுத்தாள். நகரவில்லை. பின்னாலிருந்து தள்ளினாள். நாலு காலையும் ஊன்றிக்கொண்டது.

"ஏண்டி," என்று வீட்டுக்காரியிடம் கத்தினாள். "மரமாட்டம் நிக்கற? விருந்துக்கு வந்த மாப்புள கணக்கா நவுராம நிக்குது பாரு. நீ ஓட்டுனாதான் போவும். பத்துப் பேரு லோனுடி."

பத்துப் பேர்.

அவள் ஆணியிலிருந்து பழைய கயிற்றை எடுத்தாள்.

மாடு கழுத்தை நீட்டியது.

சுளீர்.

அந்த வீட்டில் அது வாங்கிய முதல் அடி.

மாடு தெருவுக்குப் போனது. அஞ்சலாட்சி புதுக்கயிற்றை அவிழ்த்துவிட்டு விலகிக்கொண்டாள். ஆபீசர் செல்போனைத் தூக்கிப் பிடித்தான்.

மாடு வரவில்லை.

தெரு நடுவில் நின்று, வாசலில் நின்ற அவளையே பார்த்தது.

"கூப்புடுங்கம்மா." அவனுக்குச் சிரிப்பு. "உங்க மாடுதானே?"

அவள் பழைய கயிற்றை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.