நம்ம ஊர்ச் சங்கு

"சங்குக்கு என்னா பாஷை கங்கப்பண்ணா? தமிழு, தெலுங்கு, கன்னடம்னு ஆளுக்கு ஒண்ணா ஊதப் போவுது?"

சாந்த் பாஷா கேட்டதும் மேஸ்திரி கங்கப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஓசூரில் அவர்கள் வேலை பார்த்த தொழிற்சாலைக்குப் புயல் எச்சரிக்கைச் சங்குகள் செய்யும் ஆர்டர் வந்திருந்தது. கடலோரக் குப்பங்களில் கம்பத்தின் மேல் நிறுத்த வேண்டிய மின்சாரச் சங்குகள். செய்கிறவர்களில் பாதிப் பேர் கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. சங்கு ஊதினால் ஜனங்கள் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாள் அச்சடித்து அனுப்பலாமா, எந்த மொழியில் என்று ஆபீசில் பேச்சு நடந்தது. ஊதினால் தெரியாதா என்று பிறகு அதையும் விட்டுவிட்டார்கள்.

அந்தச் சங்குகளில் ஒன்றின்மேல் மட்டும் பாஷாவுக்குத் தனிப் பாசம். அது அவன் தங்கை தாஹிரா வாழ்க்கைப்பட்டுப் போன குப்பத்துக்குப் போகிறது. அம்மா அப்பா இல்லாத குறை தெரியாமல் அவன் வளர்த்த பெண். மத்திகிரி வாடகை வீட்டில் இருந்தவரை அவளுக்குத் தொழிற்சாலைச் சங்குதான் கடிகாரம். காலைச் சங்குக்கு அண்ணனை வீட்டை விட்டுத் துரத்துவாள், சாயங்காலச் சங்குக்கு உலை வைப்பாள். பெருநாளுக்கு வந்தவள் போகும்போது கண் கலங்கினாள்.

"அங்க ராவும் பகலும் கடல் சத்தந்தாண்ணா. நம்ம சங்கு கேக்காம எனக்குப் பொழுதே தெரிய மாட்டேங்குது."

அந்தப் பேச்சு பாஷாவின் மனசில் தைத்துவிட்டது. புயல் சங்கு ஏறி இறங்கி அலற வேண்டும் என்று வரைபடத்தில் இருந்தது. தங்கை ஊருக்குப் போகிற சங்கை மட்டும், தொழிற்சாலைக் கூரைமேல் இருப்பதைப் போலவே ஒரே இழுப்பாக ஊதும்படி அவன் மாற்றிவிட்டான். ஊதிப் பார்த்தால் அச்சு அசல் அதே குரல். கங்கப்பன் தடுத்துப் பார்த்தார்.

"படத்துல இருக்கிற மாதிரியே செய்யி பாஷா. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா?"

"காதுல விழணும், அவ்ளோதானே? இது இன்னும் தூரம் கேக்குங்ணா. எந்தங்கச்சிக்கு நம்ம ஊரு சத்தம் ஒண்ணு அங்க இருக்கட்டும்."

அவளுக்குத் தகவல் சொன்னாயா என்று கங்கப்பன் கேட்டார். சொல்ல மாட்டேன், கம்பத்தில் ஏற்றிச் சோதனைக்கு ஊதும்போது தானாகக் கேட்டு அசந்து போகட்டும் என்றான் பாஷா. பரிசோதிக்க வந்த அதிகாரிக்குப் பெங்களூர் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். ஊதச் சொன்னார், காதைப் பொத்திக்கொண்டார், கையெழுத்துப் போட்டார்.

ஐப்பசி முடிவதற்குள் புயல் வந்தது. ரேடியோவில் செய்தி கேட்ட பாஷா பதறவில்லை. அங்கேதான் நம்ம சங்கு இருக்கிறதே என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் தெம்பாகச் சொன்னான். அப்புறம் தந்தி வந்தது. தாஹிராவைக் கடல் கொண்டுபோய்விட்டது.

அவன் போய்ச் சேர்வதற்குள், கரை ஒதுங்கிய உடலை அடக்கம் செய்திருந்தார்கள். வழி முழுக்க ஒரே நினைப்புதான் அவனை அரித்தது. சங்கு ஊதவில்லை. வேண்டாத வேலை பார்த்து, நல்ல சங்கைக் கெடுத்து, பெற்ற மகள் மாதிரி வளர்த்தவளைத் தானே கொன்றுவிட்டோம். புயலுக்குத் தப்பியவர்கள் தங்கியிருந்த மேட்டுப் பள்ளிக்கூடத்தில், தங்கை புருஷன் ஜமீர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பாஷா அவன் காலடியிலேயே விழுந்துவிட்டான்.

"என் சங்கு ஊதல, அப்படித்தானே மச்சான்?"

ஜமீர் அவனைத் தூக்கி உட்கார வைத்தான். கம்பம் நட்ட அன்று பெரிய மனிதர்கள் வந்து மாலை போட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போனார்களாம். ஊதிக் காட்டவில்லையாம். புயலன்று சாயங்காலம்தான் அது முதன்முதலாக ஊதியது. ஐஸ் கம்பெனியில் வேலையிலிருந்த ஜமீரையும் மற்ற ஆட்களையும் அங்கிருந்தே லாரியில் ஏற்றி இந்த மேட்டில் இறக்கிவிட்டார்கள். குப்பத்து ஜனங்களோடு அவளும் வந்திருப்பாள் என்று அவன் நம்பியிருந்தான்.

"ஊதுச்சு மச்சான். நல்லாவே ஊதுச்சு. குப்பமே பொழச்சிருச்சு, அவளத் தவிர."

"அப்போ அவ காதுல விழலையா?"

"விழுந்திருக்கு. பக்கத்து வீட்டக்கா, சங்கு ஊதிருச்சு, கெளம்புன்னு கூப்பிட்டிருக்காங்க. அவரு இப்ப வந்துருவாரு, நீங்க போங்கக்கான்னு இவ சொல்லியிருக்கா. சரி, புருஷங்கூட வருவான்னு அவங்க ஓடியாந்துட்டாங்க."

ஜமீர் கடல் பக்கம் பார்த்துக்கொண்டே மீதியையும் சொன்னான்.

"போறப்போ திரும்பிப் பாத்தாங்களாம் மச்சான். 'அப்படியே எங்க ஊரு சங்குக்கா, வேலை விட்டாச்சு, மனுசன் பசியோட வருவாரு'ன்னு சிரிச்சுக்கிட்டே உலை வெச்சிட்டு இருந்தாளாம்."