வெர்னின் பூட்டு

பூட்டை வெட்டுவதற்கு ஹார்லன் கட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தபோதே லோயிஸ் அவர் பின்னாலேயே ஓடினாள். மரக்கட்டைகளைச் சில்லுசில்லாக நறுக்கும் அந்த ராட்சத இயந்திரத்தின் மின்சுவிட்சில் ஒரே ஒரு சிவப்புப் பூட்டு தொங்கியது. அதில் வெர்னின் படமும் பெயரும் ஒட்டியிருந்தன.

அந்த மர ஆலையில், இயந்திரத்துக்குள் இறங்குகிறவன் தன் பூட்டைச் சுவிட்சில் மாட்டிவிட்டுத்தான் இறங்குவான். வெளியே வந்து அவனே திறக்கும்வரை யாரும் அதை ஓட்டக் கூடாது. உள்ளே இருப்பது அத்தனையும் கத்தி.

"வெர்ன் உள்ளயே இருந்தா?" என்றாள் லோயிஸ். பட்டனை அழுத்துவது அவள் வேலை.

மேற்பார்வையாளர் ஹார்லனுக்கு, எந்தச் சிக்கலையும் நின்ற இடத்திலேயே யோசித்து அவிழ்த்துவிடுவதாக ஒரு பெருமை. பத்துக்கு எட்டு முறை அவர் சொன்னது சரியாகவும் இருந்து தொலைக்கும்.

"இங்க பாரு. வெர்னோட ராத்திரி ஷிப்ட் ஆறு மணிக்கே முடிஞ்சுது. கார்டு அடிச்சிருக்கான். சாப்பாட்டு டப்பாவைக் காணோம், வண்டியையும் காணோம். ஆளை விட்டுட்டு வண்டி மட்டும் தானா வீட்டுக்குப் போயிருக்குமா?"

"வேற யாராவது உள்ள போயிருந்தா?"

"மத்தவங்க பூட்டெல்லாம் அந்தச் சுவத்துப் பலகைக் கம்பியில பூட்டித் தொங்குது, எண்ணிக்கோ. உன் வீட்டுக்காரன் பூட்டும் சேர்த்துத்தான். அவன் கத்தி தீட்டுற கொட்டகையில இருப்பான். பூட்டு பலகையில இருந்தா ஆள் உள்ள இல்லைன்னு அர்த்தம். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

லோயிஸ் பலகையைப் பார்த்தாள். பூட்டில் ஒட்டிய படத்தில் அவள் கணவன் ரோட்னி அசட்டுத்தனமாகச் சிரித்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது. கட்டிக்கொண்டவன் என்கிற சுயநலம்தான். வெர்னை நினைத்ததும் மறுபடி சிவப்புப் பூட்டைப் பார்த்தாள்.

ஹார்லன் இயந்திரத்தின் வாய்க்குள் குனிந்து இரண்டு முறை கத்தினார். பதில் இல்லை. முப்பதடி நீளத்துக்கு ஒரே இருட்டு. இறங்குகிறவர்கள் காதை இறுக அடைத்துக்கொண்டு இறங்குவதும் வழக்கம்.

"போன் பண்ணிக் கேக்காம வெட்டக் கூடாதுன்னு விதி இருக்கு, ஹார்லன்."

"அவன் தூங்கிட்டிருப்பான். வெளியே பனியில எட்டு லாரி நிக்குது." கட்டரை அழுத்தினார். பூட்டு கீழே விழுந்தது. சுவிட்சை மேலே தள்ளினார். "போ, பட்டனைப் போடு."

"கேட்டுட்டுத்தான் போடுவேன். வேலையை விட்டு எடுக்கறதுன்னா எடுத்துக்கோங்க."

கண்ணாடி அறைக்குள் ஓடிப் பைக்குள் கையை விட்டாள். கார்ச் சாவியும் பூட்டுச் சாவியுமாக ரோட்னியின் சாவிக்கொத்துதான் முதலில் வந்தது. எப்போதும்போலக் காரிலேயே போட்டுவிட்டு இறங்கியிருந்தான். அதை ஒதுக்கிவிட்டு போனை எடுத்தாள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டாவது முறையும் யாரும் எடுக்கவில்லை. அந்த இருட்டுக்குள், வெர்னின் சட்டைப்பையில்தான் அது அடிக்கிறதோ என்று நினைத்துக்கொண்டே மறுபடி எண்ணை அழுத்தினாள்.

மூன்றாவது முறை ஒரு தூக்கக் குரல் கேட்டது. "யாரு?"

"வெர்ன்... எங்க இருக்கீங்க?"

"கட்டில்லதான். இந்நேரத்துல வேற எங்க இருப்பேன்?"

லோயிஸ் அழுதேவிட்டாள். ஹார்லன் கதவில் சாய்ந்துகொண்டு, "நான் அப்பவே சொன்னேன்ல? யோசிச்சாலே போதும், போனெல்லாம் தேவையில்லை" என்றார்.

இத்தனை பயந்ததை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பட்டனில் விரலை வைத்தாள். போனை வைக்குமுன் பேச்சுக்காகச் சொன்னாள்: "உங்க பூட்டை இங்கயே மறந்துட்டுப் போயிட்டீங்க, வெர்ன்."

"மறக்கலையே. ரோட்னி இரவல் கேட்டான், குடுத்துட்டு வந்தேன்."