சனிக்கிழமைப் பட்டியல்

காலை ஆறே முக்காலுக்குத் தில்லைநாயகம் போன் செய்தார்.

ஜெபராணி பட்டியலை அனுப்பத் தயாராக இருந்தாள். விரல் வைப்பது மட்டும்தான் பாக்கி.

சனிக்கிழமைதோறும் ஏழு மணிக்கு அந்தப் பட்டியல் பாளையங்கோட்டையிலிருந்து வாட்ஸப்பில் கிளம்பும். கவிதை, பக்தி, ஓவியம், பண்பாடு என்று அந்த வாரம் வாசிக்கத் தகுந்த ஏழு இணைப்புகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி அறிமுகம்.

பழகியவர் என்று யாரையும் சேர்த்ததில்லை. பிடிக்காதவர் என்று யாரையும் விட்டதில்லை. ஓய்வு பெற்ற அந்தத் தமிழாசிரியை சொன்னால் சரியாக இருக்கும் என்று பதினோராயிரம் பேர் நம்பினார்கள்.

தில்லைநாயகத்தின் கவிதைத் தொகுப்புக்கு மறுநாள் விருது. தொகுப்பின் தலைப்புக் கவிதையை ஓர் இணைய இதழ் அந்த வாரம் வெளியிட்டிருந்தது.

"நம்ம கவிதைய மொத ஆளா போட்டுருங்க டீச்சர். உங்க பட்டியல்ல வந்தாத்தான நம்ம ஊர்ல நாலு பேரு நம்புதாங்க."

"மொதல்லதான் சார் போட்டிருக்கேன்."

அவர் சந்தோஷப்பட்டார். விழாவுக்கு வரச் சொன்னார். முன்வரிசையில் இடம் போட்டு வைப்பதாகவும் சொன்னார்.

அவருக்கு அவளை ஞாபகமில்லை.

தொண்ணூற்று மூன்றில், வேலைக்குச் சேர்ந்த புதிதில், கவிதை நோட்டோடு அவர் வீட்டுக்குப் போயிருந்தாள். நாலு பக்கம் புரட்டிவிட்டு, இதில் கவிதையே இல்லை என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நோட்டு அங்கேயே தங்கிவிட்டது. அதன்பிறகு அவள் ஒரு வரிகூட எழுதவில்லை.

அந்த நோட்டில் இருந்ததுதான் நாளை விருது வாங்கப்போகும் தொகுப்பின் தலைப்புக் கவிதை.

சர்ச் என்று அவள் எழுதியிருந்த இடத்தில் சிவன் கோயில் என்று மாற்றியிருந்தார். பாதிரியாரைப் பட்டராக்கியிருந்தார். ஆனால் வரிசை வரிசையாகக் கைமாறிப் போகும் வெல்வெட் பையை அப்படியே விட்டுவிட்டார். அதற்குள் ஒரு பெண், காசு போடுவதுபோல, வெறுங்கையை மூடியபடி நுழைத்து, விரித்து எடுக்கிறாள்.

கோயிலில் உண்டியல் உண்டு, தட்டு உண்டு. சர்ச்சில் சுற்றிவரும் காணிக்கைப் பை ஏது? சர்ச்சுக்குள் காலெடுத்து வைக்காத மனிதர். யாரோ கற்பனையில் தைத்த பை என்று நினைத்திருப்பார். விமர்சகர்களும் அந்தப் பையைத்தான் புகழ்ந்தார்கள்.

ஜெபராணிக்கு அது கற்பனை இல்லை. அந்த வெறுங்கை அவள் அம்மாவுடையது.

நோட்டைக் கொண்டுபோவதற்கு இரண்டு மாதம் முன்பே அந்தக் கவிதை அவளுடைய சர்ச்சின் மாத இதழான சபை மடலில் அச்சாகியிருந்தது. சபை மடலை யார் கவிதைக்காகப் படிக்கிறார்கள்?

பட்டியலில் முதல் இணைப்பு தில்லைநாயகத்தின் கவிதை. இரண்டாவது, அந்தச் சபை மடலின் ஆறாம் பக்கம். மாதம், வருடம், அவள் பெயர் எல்லாம் தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்து ஏற்றியிருந்தாள்.

குற்றச்சாட்டு எதுவும் எழுதவில்லை. வழக்கமான இரண்டு வரிதான்.

'இந்த வாரத்தின் நல்ல கவிதை. முதல் இரண்டு இணைப்புகளையும் அடுத்தடுத்து வாசிக்கவும்.'

ஏழு மணிக்கு அனுப்பினாள். ஏழு ஐந்துக்குத் தில்லைநாயகத்தின் பெயர் போனில் வந்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடி வந்தது. அவள் எடுக்கவில்லை.

அடுத்த வாரத்துக்கு ஏதாவது படித்து வைத்திருக்கிறாயா என்று கணவர் தேவசிகாமணி கேட்டார்.

இனிமேல் பட்டியல் கிடையாது என்றாள். அவர் விளங்காமல் பார்த்தார்.

அந்தக் கவிதையைத் தில்லைநாயகத்தின் பெயரில் அவள் முதலில் பார்த்தது நாலு வருடத்துக்கு முன்னால், ஒரு தீபாவளி மலரில். அது ஒரு வியாழக்கிழமை. அன்றே சொல்லியிருந்தால், பொறாமை பிடித்த டீச்சர் என்று சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். அவள் பேச்சைக் கேட்க அப்போது யாரும் இல்லை.

முதல் பட்டியலை அவள் அனுப்பியது அந்த வாரச் சனிக்கிழமை.